தாழ மாட்டிய கடிகாரம்

மெட்ராலஜி ரூமுக்கு, அதான் நம்ம அளவு சரிபாக்கிற ரூமுக்கு, புதுசா வந்திருக்கிற தம்பி, தங்கச்சிங்களுக்கு,

போன வாரம் உங்களைப் பாக்க வந்தப்போ உங்கள்ல ஒருத்தர் கேட்டீங்க. "சார், இந்தச் சுவர்க் கடிகாரத்தை ஏன் இடுப்பு உயரத்துல மாட்டி வச்சிருக்காங்க? நேரம் பாக்கக் குனிய வேண்டியிருக்கு. ஆணியை மேல மாத்திடவா?" நான் "கை வச்சே, தொலைச்சிடுவேன்!"னு கத்திட்டேன். உங்க யார் முகத்துலயும் ஈயாடல. ரிட்டயர் ஆன பெரிய மனுஷன், வடையும் டீயும் சாப்பிட்டுட்டுப் போக வந்தவர், இப்படியா கத்துவார்னு நினைச்சிருப்பீங்க. மன்னிச்சுக்கோங்க. எனக்குக் கோபம் எப்பவும் மூக்குமேலதான். அந்தக் கோபத்துல நான் பண்ணின பெரிய தப்பு ஒண்ணு உண்டு. அதுக்கும் இந்தக் கடிகாரத்துக்கும் சம்பந்தம் இருக்கு. அதைச் சொல்லத்தான் உக்காந்து எழுதுறேன்.

2009 வாக்குல நடந்தது. ஒரகடத்துல நம்ம பிளான்ட் அப்போ புதுசு. ஷெட்டுக்கு மேல தகடு மூடி ஆறு மாசம்கூட ஆகல. லாரிகளோட அடிச்சட்டத்தை அளக்கிறதுக்கு நூத்தி இருபது மீட்டர் நீளத்துக்கு ஒரு தண்டவாளம் போடணும். அது மேல ஒரு வண்டி ஓடும், வண்டியில கேமரா இருக்கும். தண்டவாளம் வளைஞ்சிருந்தா கேமரா சொல்ற அளவும் வளையும். அதனால முழு நீளத்துக்கும் ஒரு மில்லிமீட்டர்ல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல ஏத்த இறக்கம் கூடாதுன்னு மெஷின் கொடுத்த கம்பெனி எழுத்துலயே கேட்டிருந்தாங்க.

வேலை செய்யிற முறையை எழுதினது நான்தான். ஒவ்வொரு மீட்டருக்கும் ரசமட்டத்தை வை, குமிழி நடுவுல நிக்கிற வரைக்கும் அடியில மெல்லிசுத் தகடு சொருகு, அப்புறம் அடுத்த மீட்டருக்குப் போ. இவ்வளவுதான். கீழ பெருசா கையெழுத்துப் போட்டு, ஷெட் தூண்ல ஒட்டியும் வச்சேன். அந்தக் காகிதத்தை மறந்துடாதீங்க. பின்னாடி என்னைப் பிடிச்சு ஆட்டப் போறது அதுதான்.

வேலையை ரெண்டு பேர்கிட்ட கொடுத்தேன். ஒருத்தன் ஏழுமலை, நம்ம பர்மனன்ட் ஃபிட்டர், வல்லக்கோட்டைக்காரன். இன்னொண்ணு கான்ட்ராக்ட்ல வந்திருந்த ஒரு பொண்ணு. கோவில்பட்டி பக்கம் ஊரு. பென்னலூர்ல ஒரு ரூம்ல ஆறு பொண்ணுங்களோட தங்கி இருந்துச்சு. லைன்ல எல்லாருமே அதைக் "கோவில்பட்டி"ன்னுதான் கூப்பிடுவாங்க. நானும் இதுல அப்படியே சொல்றேன். பேரைச் சொல்லாம விடுறது மறதியால இல்ல.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பொண்ணு வேலை செய்யிறதைப் பாத்துக்கிட்டே இருக்கலாம். ஒவ்வொரு இடத்துலயும் ரசமட்டத்தை ஒரு தடவை வச்சுப் பாக்கும், அப்புறம் தலைமாடு கால்மாடா திருப்பி வச்சு இன்னொரு தடவை பாக்கும். ரசமட்டத்துலயே கோளாறு இருந்தா திருப்பி வைக்கும்போது காட்டிக் கொடுத்துடும்ல, அதுக்காக. இது நம்ம தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பழக்கம்தான். ஆனா நூத்தி இருபது மீட்டருக்கும் சலிக்காம செஞ்ச ஆளை நான் அதுக்கு முன்ன பாத்ததில்ல. ஏழுமலை பின்னாடியே தகடு வெட்டிக்கினு போவான். "கோவில்பட்டி, கொஞ்சம் மூச்சு வுடும்மா, ரசமட்டம் ஓடிடாது"ம்பான். "நீங்க தகட்டை ஒழுங்கா வெட்டுங்கண்ணே"ன்னு திரும்பிக்கூடப் பாக்காம சொல்லும். பதினோரு நாள் ஆச்சு முடிக்க.

பன்னெண்டாம் நாள் மெஷின் கம்பெனிக்காரர் லேசர் கருவியைக் கொண்டு வந்தார். கிழக்கு முனையில வச்சு, மட்டம் பிடிச்சு, தண்டவாளத்து மேலயே ஒளியை மேற்கு முனைக்கு விட்டார். ஒவ்வொரு இடத்துலயும் ஒளிக்குக் கீழ தண்டவாளம் எவ்வளவு தாழ்ந்திருக்குன்னு குறிச்சாங்க. மேற்கே போகப் போகத் தாழ்ந்துக்கிட்டே போகுது. கடைசி முனையில ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் மேல. அனுமதிச்சதைப் போல அஞ்சு மடங்குக்கும் மேல!

எனக்கு முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சது. பிளான்ட் ஹெட் பக்கத்துல நிக்கிறார், கான்ட்ராக்ட் கம்பெனி மேனேஜர் நிக்கிறார், முப்பது நாப்பது பேர் வேலையை விட்டுட்டு வேடிக்கை பாக்கிறாங்க. நேரா அந்தப் பொண்ணுகிட்டப் போய், "கண்ணைத் தொறந்துக்கினு வேலை பாத்தியா, மூடிக்கினு பாத்தியா? பதினோரு நாள் இன்னாத்தைக் கிழிச்சே?"ன்னு நாக்கைப் புடுங்குற மாதிரி கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அதையெல்லாம் எழுத இப்ப எனக்கு வெக்கமா இருக்கு.

அது அழல. "என் குமிழி நடுவுலதான் நின்னுச்சு சார்"னு மட்டும் சொல்லுச்சு.

கான்ட்ராக்ட் மேனேஜர் என்னைத் தனியாக் கூப்பிட்டார். "நீங்க 'ஆபரேட்டர் தவறு'ன்னு ரிப்போர்ட் எழுதிடுங்க சார். நாளைக்கே இந்தப் பொண்ணை அனுப்பிட்டு வேற ஆள் போட்டுடறேன். உங்களுக்கும் பிரச்சினை இல்ல, எங்களுக்கும் இல்ல." மறுநாள் காலையில ஒம்போது மணிக்கு ரிப்போர்ட் பிளான்ட் ஹெட் மேஜைக்குப் போகணும். நானும் தலையாட்டிட்டேன். இதை ஒளிக்காம சொல்றேன். தலையாட்டினேன்.

சாயங்கால டீக்கு ஏழுமலை வந்து என் மேஜை முன்னால நின்னான். டீ கிளாஸை வச்சிட்டுப் போகாம நிக்கிறான்.

"இன்னாடா?"

"சார், அது வூட்ல கல்யாணம் பேசிக்கினு கீறாங்க சார். அதுக்கு இஷ்டம் இல்ல. ஏதோ பரிட்ச எழுதணும்னு சொல்லிக்கினு, இந்த வேலைய சாக்கா வச்சுதான் இங்க இருந்துக்கினு கீது. வேலை போச்சுன்னா ஊருக்கு இட்டுனு பூடுவாங்க. அவ்ளோதான் சார் அது கதை."

"அதுக்கு நான் இன்னா பண்ண முடியும்? ஒரு மில்லி சார் ஒரு மில்லி!"ன்னேன். கோபத்துல அவனையே சார்னு கூப்பிட்டுட்டேன்.

"நான் கூடவே இருந்தேன் சார். அது ஏமாத்தல. அதுதான் தப்புன்னா தகடு வெட்டுனவன் நானு, என்னையும் எழுதுங்க."

அவன் போன கொஞ்ச நேரத்துல கோவில்பட்டியே வந்துச்சு. கையில லேசர் அளவுகள் எழுதின காகிதம். "சார், ரெண்டு நிமிசம். திட்டுறதுன்னா அப்புறமாத் திட்டிக்கிடுங்க"ன்னு சொல்லி, காகிதத்தை மேஜை மேல விரிச்சுது.

"கடைசி முனையில ஒரு மில்லிக்கு மேல தாழ்ந்திருக்கு. நான் சரிவாப் போட்டிருந்தேன்னா பாதி தூரத்துல பாதி தாழ்ந்திருக்கணும்லா? இங்கன பாருங்க. அறுவது மீட்டர்ல கால் பங்குதான் தாழ்ந்திருக்கு. முப்பது மீட்டர்ல அதுலயும் கால் பங்கு. தப்பு பண்ணுதவ இவ்வளவு ஒழுங்காவா சார் பண்ணுவா?"

நான் அளவுகளைப் பாத்தேன். சொன்னபடியேதான் இருந்துச்சு.

"ரசமட்டத்தைத் திருப்பி வச்சுப் பாக்கச் சொல்லிக் குடுத்தது நீங்கதான. லேசரை மட்டும் யாரும் திருப்பிப் பாக்கலையே? மேக்கு முனையில வச்சு ஒரு தடவை பாத்துருவமா சார்?"

"பிளஸ் டூ படிச்ச பொண்ணுக்குக் கால் பங்கு, அதுல கால் பங்கெல்லாம் எப்படிம்மா கண்ணுல படுது?"ன்னு கேட்டேன். சாதாரணமாத்தான் கேட்டேன். அதுக்கு முகம் வெளுத்துப் போச்சு. காகிதத்தை மடிச்சுக்கிட்டு, "பாத்தா தெரியுது சார்"னு சொல்லிட்டுப் போயிடுச்சு.

மறுநாள் காலையில ஆறு மணிக்கு மூணு பேரும் ஷெட்ல இருந்தோம். தகரக் கூரை சூடேறினா காத்து நெளிஞ்சு ஒளியையும் நெளிக்கும், அதுக்கு முன்ன முடிக்கணும். மெஷின் கம்பெனிக்காரரைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்திருந்தேன். லேசரை மேற்கு முனையில வச்சோம். நல்லா யோசிச்சுப் பாருங்க: தண்டவாளம் மேற்கே சரிஞ்சிருந்தா, மேற்குல நின்னு பாக்கும்போது கிழக்கு முனை ஒரு மில்லி உசந்து தெரியணும். கிழக்குக் கோடியில ஏழுமலை அளவுக்கோலோட குந்திக்கினு இருக்கான். அங்கருந்து கத்தினான்.

"சார்! தாழ்ந்து கீது சார்!"

"உசந்தா, தாழ்ந்தா? ஒழுங்காப் பாருடா!"

"தாழ்ந்துதான் சார் கீது! அதே ஒரு மில்லி! இன்னா சார் இது, ரெண்டு முனையும் நான்தான் ஒசரம், நீதான் பள்ளம்ன்றானுங்க?"

நான் அப்படியே தண்டவாளத்து மேல உக்காந்துட்டேன். பூமி உருண்டைன்னு மூணாங்கிளாஸ்ல படிச்சது. முப்பது வருஷமா சர்வீஸ் போட்டவனுக்கு அன்னைக்குத்தான் உறைச்சது. குமிழி ஒவ்வொரு இடத்துலயும் அந்தந்த இடத்து மட்டத்தைத்தான் சொல்லும். மீட்டருக்கு மீட்டர் மட்டம் பிடிச்சுக்கிட்டே போனா, பூமி வளையிற வளைவுலயேதான் போவோம். ஒளி அந்த வளைவைப் பாக்காம நேரா போயிடும். பொண்ணு போட்டது ஒரு மயிரிழை பிசகல. பிசகினது தூண்ல ஒட்டியிருந்த காகிதம். அதுக்குக் கீழ இருந்தது என் கையெழுத்து.

ராத்திரி எழுதி வச்சிருந்த ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி எழுத உக்காந்தேன். "யோசனை சொன்னது நீதான்னு உன் பேரை எழுதப் போறேம்மா"ன்னு சொன்னேன். சந்தோஷப்படும்னு நினைச்சேன். "எழுதிராதீங்க சார்!"ன்னு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுச்சு. அப்பத்தான் விஷயம் வெளிய வந்துச்சு. அது எம்.எஸ்சி. இயற்பியலும் பி.எட்.டும் படிச்ச பொண்ணு. டிகிரி இருக்குன்னு தெரிஞ்சா கான்ட்ராக்ட்ல எடுக்க மாட்டாங்கன்னு பிளஸ் டூ சர்டிபிகேட்டை மட்டும் காட்டி உள்ள வந்திருக்கு. அந்தக் காலத்துல இந்த ரோட்ல எத்தனையோ ஃபேக்டரியில இது சகஜம். படிச்சதை மறைச்சாத்தான் வேலை. "எப்படிக் கண்டுபிடிச்சேன்னு மேனேஜர் தோண்ட ஆரம்பிச்சார்னா மறைச்சது தெரிஞ்சிரும். பயோடேட்டா பொய்னு அன்னைக்கே வெளிய அனுப்பிருவாங்க சார்."

ஒம்போது மணி. பிளான்ட் ஹெட் ரிப்போர்ட்டைப் படிச்சார். தவறு வேலை முறையில, வேலை முறையை எழுதினது நான், வேலையாட்கள் மேல ஒரு குத்தமும் இல்லன்னு எழுதியிருந்தேன். நிமிர்ந்து பாத்தார். "அது சரி. எதிர் முனையிலிருந்து பாக்கணும்னு யாருக்குத் தோணுச்சு?"

அவர் பக்கத்துல கான்ட்ராக்ட் மேனேஜர். எனக்குப் பின்னாடி கோவில்பட்டி, தரையைப் பாத்துக்கிட்டு. ஏழுமலை என் முதுகையே பாத்துக்கிட்டு இருந்திருப்பான்.

"எனக்குத்தான் சார்"னு சொன்னேன்.

தம்பிங்களா, அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனையோ தடவை திருப்பிப் போட்டுப் பாத்துட்டேன். சொல்லாம இருந்திருந்தா ஒரு பொண்ணோட வேலை போயிருக்கும். சொன்னதால அவளுக்குச் சேர வேண்டிய பேரை நான் எடுத்துக்கிட்டேன். ரெண்டுல எது சரின்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அவசரத்துல முடிவெடுக்க வேண்டி வரும்போது கை சுத்தமா இருக்கிற மாதிரி ஒரு வழி எப்பவும் கிடைக்காது. யாருக்கு அதிகமா அடிபடும்னு பாத்து, அவங்களைக் காப்பாத்துங்க. மிச்சத்தை நீங்க சுமந்துக்கோங்க. என்னால இவ்வளவுதான் சொல்ல முடியும்.

எனக்கு ஒரு மெமோ வந்துச்சு. நியாயமான மெமோ. தண்டவாளத்துல நடுவை அப்படியே விட்டு, ரெண்டு முனையையும் கணக்குப் பண்ணிக் கொஞ்சங்கொஞ்சமாத் தூக்கினோம். சரிவுன்னு நினைச்சு மேற்கு முனையை மட்டும் தூக்கியிருந்தா நடுவுல கூனல் அப்படியே நின்னிருக்கும், வேற எந்தப் பொண்ணு மேலயாவது மறுபடி பழி போட்டிருப்போம்.

ஏழுமலை வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கினு இருந்திருக்கான். அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க ரெண்டு பேரையும் இழுத்துக்கினு போனான். அர்ச்சனை முடிஞ்சு, பிரகாரத்துல நிழலாப் பாத்து உக்காந்து புளியோதரை சாப்பிட்டோம். அங்கதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்.

"கோவில்பட்டி, ரசமட்டம் பூமியோட வளையும், சரி. கடைசியில லேசர்தான் நேர். ஒளிக்கு மேல ஒரு நேர்கோடு கிடையாது"ன்னேன், பெரிய மேதாவி மாதிரி.

"ஒளியும் வளையும் சார்."

"காத்து சூடானா வளையும். அது தெரியாதா எனக்கு?"

"காத்தே இல்லாத இடத்துலயும் வளையும். சூரியனை ஒட்டி வார நட்சத்திர ஒளி வளைஞ்சுதான் வருது. அளந்தே பாத்துட்டாங்க. ஒளியை வச்சுத்தான நேரைச் சொல்லுதோம்? அதுவே வளைஞ்சா, எதை வச்சுச் சொல்லுவீங்க?"

எனக்கு ஏதோ பத்திரிகையில படிச்சது ஞாபகம் வந்துச்சு. "ஆங், பொது சார்பியல்! எனக்குத் தெரியும்"னு ஏழுமலையோட துண்டை வாங்கி, ஆளுக்கொரு பக்கமா இழுத்துப் பிடிச்சு, அர்ச்சனைத் தேங்காய் மூடியை நடுவுல வச்சேன். துண்டு குழிஞ்சுது. ஒரு எலுமிச்சம்பழத்தை ஓரத்துல விட்டேன், உருண்டு தேங்காய்கிட்டப் போச்சு. "பாத்தியா? கனமான பொருள் இடத்தைக் குழிக்குது, மத்தது அதுல உருளுது. இதானே?"

கோவில்பட்டி சிரிச்ச சிரிப்பு! புரையேறிடுச்சு. ஏழுமலை தலையில தட்டித் தண்ணி கொடுத்தான்.

"சார், இந்தத் துண்டுல தேங்காயைக் கீழ இழுக்குறது எது?"

"பூமி."

"எலுமிச்சையை?"

"அதுவும் பூமி... ஓ."

"ஈர்ப்புன்னா என்னன்னு சொல்லுறதுக்கு ஈர்ப்பையே கடன் வாங்கிட்டீங்க. துண்டைக் கொண்டு போயி பூமியே இல்லாத இடத்துல விரிச்சா ஒண்ணுமே உருளாது."

அசடு வழிஞ்சேன். அப்புறம் அது சொன்னதை என்னால முடிஞ்ச வரைக்கும் அப்படியே எழுதுறேன். ஏன்னா அதுக்கு முன்னயும் பின்னயும் எனக்கு யாரும் இவ்வளவு புரியிற மாதிரி சொன்னதில்ல.

"நம்ம தண்டவாளத்தையே எடுத்துக்கிடுங்க. எந்த இடத்துல குமிழியை வச்சாலும் நடுவுலதான் நின்னுச்சு. ஒரு இடத்தை மட்டும் பாத்தா வளைவே தெரியாது. பக்கத்து இடத்தையும் அடுத்த இடத்தையும் சேத்துப் பாத்தாத்தான் தெரியும். இந்த உலகமும் அப்படித்தான். அறுந்து விழுற லிஃப்டுக்குள்ள இருக்கவனுக்கு எடையே தெரியாது, எல்லாம் மிதக்கும். ஈர்ப்பே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா ரெண்டு தேங்காயைப் பக்கத்துல பக்கத்துல வச்சு ரொம்ப உயரத்துல இருந்து விட்டீங்கன்னா, விழ விழ ரெண்டும் கொஞ்சங்கொஞ்சமா நெருங்கும். ரெண்டும் பூமியோட நடுவைப் பாத்துல்லா போகுது? யாரும் பிடிச்சுத் தள்ளல. ரெண்டும் அது அதுக்கு இருக்குறதுல நேரான வழியிலதான் போச்சு. ஆனாலும் நெருங்கிட்டு. அந்த நெருக்கந்தான் சார் வளைவு."

"வளைக்கிறது யாரு?"ன்னு ஏழுமலை கேட்டான்.

"பொருள்தான் அண்ணே. பொருள் மட்டுமில்ல, ஆற்றல் எதுவா இருந்தாலும். சூடு, ஒளி, அழுத்தம், எல்லாம் சேத்தி. பழுக்கக் காய்ச்சின இரும்பு, ஆறின இரும்பை விடத் துளியூண்டு அதிகமா வளைக்கும். நம்ம எந்தத் தராசுலயும் தெரியாது, ஆனா வளைக்கும். ஒரு சமன்பாடு இருக்கு. ஒரு பக்கம் எவ்வளவு வளைவு, மறுபக்கம் எவ்வளவு பொருளும் ஆற்றலும். புது ஷெட்ல கனமான மெஷினை எறக்குதோம்லா? தரை கொஞ்சம் அமுங்கும். அமுங்கின தரை மெஷினைச் சாய்க்கும். சாஞ்ச மெஷின் தரையை வேற மாதிரி அமுக்கும். எது முதல், எது பொறவுன்னு பிரிக்க முடியாது. அந்த மாதிரி."

"அதுல வளையிறது இந்த இடம் மட்டும்தானா?"ன்னேன். இப்ப நான் வாலைச் சுருட்டிக்கிட்டு ஒழுங்காக் கேட்டேன்.

"இடமும் நேரமும் சேந்து வளையும் சார். சொல்லப்போனா, நம்ம கையில இருந்து தேங்காய் கீழ விழுறதுக்குக் காரணம் பெரும்பாலும் நேரம் வளையிறதுதான். கனமான பொருளுக்குப் பக்கத்துல நேரம் மெதுவா ஓடும். கீழ இருக்க கடிகாரம் மெதுவா, மேல இருக்க கடிகாரம் வேகமா. வழி காட்டுற ஜி.பி.எஸ். கருவிக்கு, மேல வானத்துல இருந்து நேரம் சொல்லுற செயற்கைக்கோள்ல எல்லாம் கடிகாரம் இருக்கு. அது நம்ம கடிகாரத்தை விட ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு மைக்ரோ செகண்ட் முந்தும். அதனால தரையில இருக்கும்போதே வேணும்னு கொஞ்சம் மெதுவா ஓடுத மாதிரி செஞ்சு அனுப்புதாங்க."

ஏழுமலை எழுந்தே நின்னுட்டான். "வேணும்னே தப்பா செஞ்சா? நம்ம கிட்ட வந்திருந்தா ரிஜெக்ட் பண்ணியிருப்போமே!"

"ஆமாண்ணே. தப்பு ஒண்ணும் இல்லாததைத் தப்புன்னு எழுதி அனுப்பியிருப்போம்"னு சொல்லிட்டு என்னைப் பாத்துச்சு. கோபமாப் பாக்கல. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. "என்னை மன்னிச்சிடும்மா, அத்தனை பேர் முன்னாடி உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது"ன்னேன். "அதே அத்தனை பேர் முன்னாடி உங்க மேல பழியைப் போட்டுக்கிட்டீங்கள்லா சார். சரியாப் போச்சு. புளியோதரையைச் சாப்பிடுங்க, ஆறுது"ன்னுச்சு.

அந்த வருஷக் கடைசியில "எந்த அளவையும் எதிர் முனையிலிருந்தும் ஒருமுறை எடு"ங்கிறதை பிளான்ட் முழுக்க விதியா ஆக்கினாங்க. உங்க ரூம்ல இன்னும் ஒட்டியிருக்கே, அதேதான். சிறந்த யோசனைக்காக எனக்கு மேடையில ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தாங்க. மாலை வேற. கீழ முன் வரிசையில உக்காந்து எல்லாரையும் விட பலமாக் கை தட்டினது கோவில்பட்டி. என்னால மேடையில நிக்க முடியல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போக மனசு வரல. மெட்ராலஜி ரூம்லயே, கதவுக்கு மேல உயரமா மாட்டிட்டேன். அதைப் பாக்கும்போதெல்லாம் கோவில்பட்டி சொல்லும்: "அவ்வளவு உயரத்துல மாட்டாதீங்க சார், சீக்கிரம் வயசாயிரும்."

அப்புறம் மூணு வருஷம் நம்ம கூட இருந்துச்சு. ரூம்ல படிச்சு, பஸ்ல படிச்சு, அந்தப் பரிட்சையை எழுதி, அரசுப் பள்ளியில இயற்பியல் டீச்சரா வேலை வாங்கிடுச்சு. கடைசி நாள் சாயங்காலம் அஞ்சரைக்கு ஷிப்ட் பஸ். நாலு மணிக்கே நான் கடிகாரத்தைக் கழட்டித் துடைச்சு, "இது உன்னோடதும்மா, எடுத்துக்கிட்டுப் போ"ன்னு நீட்டினேன். "வேண்டாம் சார். நீங்க வாங்கின மெமோவையும் நான் எடுத்துக்கிட்டுப் போகணும்ல அப்ப?"ன்னு கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. நான் நீட்ட, அது மறுக்க, ஏழுமலை என் கையிலருந்து வெடுக்குனு பிடுங்கினான். மேஜையில கவுத்துப் போட்டு, தகட்டுல கோடு கிழிக்கிற ஊசியை எடுத்து முதுகுல என்னமோ கிழிச்சான். அப்புறம் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கினு போய், சுவத்துல இடுப்பு உயரத்துல அடிச்சு மாட்டினான்.

"இன்னாடா பண்றே, பைத்தியம்?"

"கீழ மாட்டுனா மெதுவா ஓடும்னு அதானே சொல்லிச்சு? அஞ்சரை கொஞ்சம் லேட்டா வரட்டும் சார்"னான். சொல்லிட்டுச் சுவத்தைப் பாத்தாப்பலயே நின்னான். திரும்பவே இல்ல. அது வரைக்கும் அழாத அந்தப் பொண்ணு அப்ப அழுதுச்சு. எத்தனை திட்டு வாங்கினப்பவும் அழாதது, ஒரு ஆணிக்கு அழுதுச்சு. நானும்தான்.

இடுப்பு உயரத்துக்குத் தாழ்த்தினா எவ்வளவு மெதுவாகும்? எந்தக் கருவியை வச்சும் இந்த ரூம்ல நீங்க கண்டுபிடிக்க முடியாது. ஆனா மெதுவாகும். அது நிசம்.

நான் ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள் போன்ல கேட்டேன், நடந்ததைப் பசங்களுக்குச் சொல்லலாமான்னு. "இனிமே என்னை யாரு சார் வேலையை விட்டு எடுக்கப் போறாங்க? தாராளமாச் சொல்லுங்க"ன்னு சிரிச்சுது. அதனால சொல்லிட்டேன். சுவத்துல ஒட்டியிருக்கிற விதி என்னோடதில்ல. மாலை போட்டு எனக்குக் கொடுத்த கடிகாரமும் என்னோடதில்ல.

பேரை மட்டும் நான் என் வாயால சொல்லப் போறதில்ல. நாளைக்குக் காலையில ரூமைத் திறந்ததும் கொஞ்சம் குனிஞ்சு, அந்தக் கடிகாரத்தைக் கழட்டுங்க. திருப்பிப் பாருங்க. படிச்சிட்டு, அதே ஆணியில, அதே உயரத்துல மாட்டிடுங்க.